ஜூன் மாதக் காணிக்கை

பரிசேயரை ஆண்டவர் கடிந்துரைத்த பகுதிகளில், நம் மறையுரைகளில் அதிகம் இடம்பெறாத ஒன்று உண்டு. பிறர் முதுகுக்குச் சுமை கட்டித் தருவதில் வல்லவர்களாயிருந்தும், அதைத் தாங்கிப் பிடிக்க மட்டும் முன்வராதவர்களைப் பற்றி அவர் பேசிய பகுதி அது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஜூன் முதல் வாரத்தில் பள்ளி வாயில்களில் வரிசையில் நிற்கும் பெற்றோருக்கு அந்தப் பகுதி விளக்கவுரை இல்லாமலே புரியும். அங்கே சுமை என்பது உவமையன்று. வகுப்பு வாரியாக அடுக்கி, கயிற்றால் இறுக்கி, மேலே ஒரு சீட்டுச் செருகி வைக்கப்பட்டிருக்கும் புத்தகக் கட்டு அது. சீட்டில் மொத்தத் தொகை மட்டுமே இருக்கும். எந்த நூல் என்ன விலை, எது அரசு நூல், எது தனியார் நூல், எதை வாங்காமல் விடலாம் என்ற விவரம் எதுவும் இராது. பணம் கட்டினால் கட்டுக் கிடைக்கும். கட்டு இல்லாத பிள்ளைக்கு வகுப்பில் என்ன மதிப்பு என்பதைப் பிள்ளையே வீட்டுக்கு வந்து சொல்லும்.

இதை வணிக நோக்கில் நடத்தப்படும் பள்ளிகளைப் பற்றிய குறையாக மட்டும் எழுதி முடித்துவிட முடியும். அப்படி எழுதினால் யாருக்கும் வருத்தம் வராது. ஆனால் வாயிலின் மேலே சிலுவையும் புனிதர் பெயரும் தாங்கி நிற்கும் பள்ளிகளிலும் இதே கட்டு, இதே சீட்டு, இதே வரிசை உண்டு. எல்லாப் பள்ளிகளிலும் என்று சொல்லவில்லை. நூல் விலையைத் தனித்தனியே எழுதிக் கொடுத்து, வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்ளச் சொல்லும் தலைமையாசிரியைகளையும் நாம் அறிவோம். அவர்கள் விதிவிலக்காக இருப்பதுதான் நம் வழக்கின் மையம்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். தமிழ்நாட்டில் பாடநூல் விலை என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய துன்பமன்று. அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் படிக்கும் பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடநூல் விலையின்றிக் கிடைக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன் நினைத்துப் பார்க்க முடியாத பெரும் பேறு இது. 1970ஆம் ஆண்டு தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் தோன்றும் முன்னர், தனியார் பதிப்பாளர்கள் அச்சிட்ட நூல்களில் ஒன்றைப் பள்ளிகள் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருந்தது. ஊர் மாறினால் நூலும் மாறும். அந்தச் சந்தையை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டதன் பயனைத்தான் இன்று இலட்சக்கணக்கான வீடுகள் அனுபவிக்கின்றன.

அடுத்த பெரிய மாற்றம் 2010இல் வந்தது. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேசன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்காகப் பிரிந்து கிடந்த கல்வியை ஒன்றாக்கும் சமச்சீர் கல்விச் சட்டம் அவ்வாண்டு இயற்றப்பட்டது. 2011இல் ஆட்சி மாறியதும் அதை நிறுத்திவைக்க முயற்சி நடந்தது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்று, உச்சநீதிமன்றம் சென்று, ஆகஸ்டு 9ஆம் நாள் தீர்ப்பு வரும்வரை, ஜூன், ஜூலை முழுவதும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பாடநூலின்றி வகுப்பில் அமர்ந்திருந்தார்கள். அச்சிட்ட நூல்கள் கிடங்கில் கிடந்தன. அந்தக் கசப்பான கோடைக்குப் பிறகு நிலைபெற்ற நியதி இதுதான்: பத்தாம் வகுப்பு வரை, அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் மெட்ரிகுலேசன் பள்ளிப் பிள்ளைக்கும் பாடத்திட்டம் ஒன்றே. தேர்வும் ஒன்றே. இரண்டுக்கும் அரசு பாடநூல் நிறுவனம் அச்சிடும் நூல் போதும்.

இந்த உண்மையை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். ஏனெனில் புத்தகக் கட்டின் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

பாடநூல் நிறுவனம் தனியார் பள்ளிகளுக்கு விற்கும் நூல்களின் விலையை 2024 ஆகஸ்டில் உயர்த்தியது. காகிதமும் அச்சுக்கூலியும் ஏறிவிட்டன என்பது அரசு சொன்ன காரணம். 790 ரூபாய் அளவிலிருந்த பத்தாம் வகுப்புத் தொகுதி 1,100 ரூபாயைத் தாண்டியது. இந்த உயர்வைக் கண்டித்துப் பலர் அறிக்கை விட்டார்கள். கண்டனத்தில் நியாயமும் உண்டு. மைய அரசின் பங்கும் இதில் இல்லாமலில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பயிற்சி ஏடுகளுக்கும் பென்சிலுக்கும் அழிப்பானுக்கும் சரக்கு மற்றும் சேவை வரி நீக்கப்பட்டது என்று மகிழ்ந்தோம். அதே நாளில் ஏடு தயாரிக்கப் பயன்படாத மற்ற அச்சுக் காகிதத்தின் வரி 12 விழுக்காட்டிலிருந்து 18 ஆயிற்று. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கும் இந்த வித்தையைப் பற்றித் தனியே எழுதலாம். இவை இரண்டும் இருந்தும், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சட்டப்படி தேவையான நூல்களின் விலை ஓர் ஆண்டுக்கு ஆயிரத்துச் சில்லறை ரூபாய்தான். கீழ் வகுப்புகளுக்கு அதனினும் குறைவு.

அப்படியாயின் கட்டின் விலை ஏன் அங்கே நிற்பதில்லை?

என் முன்னே ஒரு பட்டியல் கிடக்கிறது. நம் ஆயர்களின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதியில் இயங்கும் ஒரு பள்ளியின் மூன்றாம் வகுப்புக்கு உரியது; பெயர் வேண்டா. அரசு நூல்கள் முதலில் வருகின்றன. அதன்பின் ஆங்கில இலக்கணம், ஆங்கிலக் கையெழுத்து, தமிழ்க் கையெழுத்து, பொது அறிவு, கணினி, ஓவியம், மனக்கணக்கு எனத் தனியார் பதிப்பகங்களின் நூல்கள். அதன்பின் பள்ளியின் முத்திரை அச்சிட்ட குறிப்பேடுகள். முத்திரை இல்லாத ஏட்டைக் கொண்டுவந்தால் ஏற்பதில்லையாம். பள்ளிப் பெயர் பொறித்த நாட்குறிப்பு. அதே பெயர் பொறித்த ஒட்டுச்சீட்டு. அட்டை போடுவதற்கான பழுப்புக் காகிதம்கூடக் கட்டிலேயே வந்துவிடுகிறது, கடைக்குப் போகும் சிரமம் பெற்றோருக்கு வேண்டாம் என்ற கருணையால். எல்லாவற்றுக்கும் நடுவே நன்னெறி நூல் ஒன்று. பொய் சொல்லாதே, ஏழைக்கு இரங்கு என்பவற்றைப் படங்களுடன் போதிக்கும் அந்த நூலுக்கும் விலை உண்டு. அதையும் வாங்கியாக வேண்டும். மொத்தம் ஐயாயிரத்தை ஒட்டி நிற்கிறது.

2025–26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாட்கூலி 336 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. ஐயாயிரம் ரூபாய் என்பது அந்தக் கணக்கில் பதினைந்து நாள் வெயில். இரண்டு பிள்ளைகள் என்றால் ஒரு மாதம். அதுவும் கல்விக் கட்டணமும் சீருடையும் காலணியும் வண்டிக் கட்டணமும் நீங்கலாக.

கூலிக்காரர் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்கு வருவதில்லை என்று சொல்வோர் விழுப்புரத்தைச் சரியாகப் பார்க்காதவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 72 விழுக்காடு. மாநிலத்தின் அளவு 80. எழுதப் படிக்கத் தெரியாத தாய், தன் மகளாவது ஆங்கிலத்தில் நான்கு வார்த்தை பேசட்டும் என்று நினைப்பதில் வியப்பென்ன? கரும்பு வெட்டும் குடும்பம், தையற்கடை வைத்திருப்பவர், பேருந்து நிலையத்தில் பழம் விற்பவர், நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் – இவர்கள் பிள்ளைகள்தான் ஜூன் மாத வரிசையில் நிற்கிறார்கள். மே மாதக் கடைசி வாரத்தில் திண்டிவனத்து அடகுக் கடைகளின் படியில் யார் ஏறுகிறார்கள் என்று கவனித்தால் போதும். தோடு போகிறது. தோடு இல்லாதவர் தண்டல்காரரிடம் போகிறார். மகளிர் குழுவில் கறவை மாட்டுக்கென்று எடுத்த கடன் குறிப்பேடாக மாறுகிறது.

இன்னொரு காட்சியும் நம் வளாகங்களில் உண்டு. உதவிபெறும் பள்ளி ஒன்றிலேயே தமிழ்வழிப் பிரிவு அரசு நிதியில் நடக்கும். ஆங்கிலவழிப் பிரிவு சுயநிதியில் நடக்கும். சுயநிதிப் பிரிவுக்கு விலையில்லாப் பாடநூல் கிடையாது. ஒரே மாதா கெபியைக் கடந்து, ஒரே மணியோசைக்கு ஓடிவரும் இரு பிள்ளைகளில் ஒருத்தி அரசு நூலைக் கைநீட்டி வாங்குகிறாள். மற்றவள் அதே பாடத்தை ஆங்கிலத்தில் அச்சிட்ட நூலை விலைக்கு வாங்குகிறாள். உடன்பிறந்தவர்களாகவே இருக்கக்கூடும். இது அரசு வகுத்த வேறுபாடு. நம் நிருவாகிகள் வகுத்ததன்று. ஆனால் சுயநிதிப் பிரிவைத் தொடங்கியது யார் என்ற கேள்வியும் உண்டல்லவா?

நிருவாகத்தின் தரப்பை நாம் கேட்காமல் விடலாகாது. மானியம் பெறாத பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் தர வேண்டும். கட்டடம் பழுது பார்க்க வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி குழு நிர்ணயிக்கும் தொகைக்கு மேல் கல்விக் கட்டணம் வாங்க இயலாது. ஆகவே நூல் விற்பனையில் கிடைக்கும் கழிவு பள்ளியை நடத்த உதவுகிறது என்கிறார்கள். நேர்மையாகச் சொல்லப்படும்போது இதை நான் மதிக்கிறேன். ஆனால் இதன் பொருள் என்ன? கட்டணக் குழு பார்க்கும் கதவை மூடியதும், அது பார்க்காத சன்னலைத் திறந்துகொண்டோம் என்பதே. பள்ளிக்குப் பணம் போதவில்லையென்றால் வரவு செலவைக் குழுவின் முன் வைத்துக் கட்டணத்தை உயர்த்தக் கேட்கலாம். பெற்றோர் முன் வைக்கலாம். பங்கு மக்கள் முன் வைக்கலாம். ஏழு வயதுப் பிள்ளையின் பொது அறிவு நூலில் ஆசிரியர் சம்பளத்தை மறைத்து வைப்பது முறையாகாது.

பெற்றோரே விரும்புகிறார்கள் என்பது அடுத்த விடை. சிலர் விரும்புகிறார்கள்தான். கட்டு கனமாக இருந்தால் படிப்பும் கனமாக இருக்கும் என்று நம்புவோர் உண்டு. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் 2018 மே மாதம் முதல் இரு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாதென்றும், பையின் எடையைக் குறைக்க வேண்டுமென்றும், சி.பி.எஸ்.இ. பள்ளிகள் என்.சி.இ.ஆர்.டி. நூல்களையே பயன்படுத்த வேண்டுமென்றும் சொன்னபோது, நம் பெற்றோரில் பலர் அதை விளங்கிக்கொள்ளவில்லை. ஆயின் பெற்றோர் விரும்புவதையெல்லாம் செய்வது கல்விப் பணி என்றால் நமக்கும் கடைத்தெருவுக்கும் வேறுபாடு எதற்கு?

மூன்றாம் விடைதான் என்னை மிகவும் வருத்துவது. “இயலாதவர்கள் வந்து கேட்டால் நாங்கள் இல்லையென்று சொல்வதில்லையே” என்பது அது. இது உண்மை. கேட்டவர்க்குக் குறைத்துக் கொடுத்த அருட்சகோதரிகளை எனக்குத் தெரியும். தம் சொந்தப் பணத்திலிருந்து கட்டிய ஆசிரியைகளையும் தெரியும். ஆனால் கேட்பது என்றால் என்ன என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? ஒரு நாள் கூலியை விட்டு வர வேண்டும். பங்குத்தந்தையின் கடிதம் வேண்டும். அதற்கு முன் பங்குச் சந்தா பாக்கி இல்லாமல் இருக்க வேண்டும் என்று சொல்லும் இடங்களும் உண்டு. அலுவலக வாயிலில் மற்றப் பெற்றோர் பார்க்க நிற்க வேண்டும். கணவன் குடிக்கிறான், வேலை போயிற்று, மாமியாருக்கு நோய் என்று வீட்டின் அழுக்கையெல்லாம் மேசைமேல் கொட்ட வேண்டும். பிள்ளையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும். இத்தனையும் முடிந்து ஆயிரம் ரூபாய் குறைகிறது. அந்தத் தாய் அதன்பின் அந்தப் பள்ளியில் எதைப் பற்றியும் வாய் திறந்து ஒரு குறை சொல்ல முடியுமா? இரக்கம் காட்டப்பட்டவர் ஆகிவிட்டார். இனி நன்றியோடு இருக்க வேண்டியவர். பட்டியலிலிருந்து ஏழு நூல்களை நீக்கியிருந்தால் அவர் வரவே வேண்டியதில்லை. இரங்குவதற்கு ஒருவரை முதலில் உண்டாக்கிக்கொண்டு பின்னர் இரங்குவதை அறச்செயல் என்று அழைக்கத் தயக்கமாக இருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு சட்டச் செய்தியையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். அப்பிள்ளைகளின் நூல், சீருடைச் செலவும் அரசின் பொறுப்பே என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் கூறியது. ஆனால் 2014 மே மாதம் உச்சநீதிமன்றம் பிரமதி வழக்கில் அளித்த தீர்ப்பால் சிறுபான்மையினர் பள்ளிகள் இச்சட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டன. நம் உரிமை காக்கப்பட்டது என்று அன்று நாம் மகிழ்ந்தோம். அந்தத் தீர்ப்பு சரியா என்று 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்ற அமர்வு ஒன்றே ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் ஆய்வுக்கு அனுப்பியுள்ளது. அது எப்படி முடிந்தாலும் முடியட்டும். சிறுபான்மை உரிமை என்பது நம் நம்பிக்கையையும் பண்பாட்டையும் காக்கத் தரப்பட்டது. ஏழைப் பிள்ளையின் கால்பங்கிலிருந்து நம்மை விடுவித்துக்கொள்ள அதைப் பயன்படுத்திக்கொண்ட நாம், விடுபட்ட அந்தக் கடமைக்கு மாற்றாக எதைச் செய்தோம்? நீதிமன்றம் நமக்கு விலக்கு அளிக்கலாம்; நற்செய்தியில் அத்தகைய பிரிவு எதையும் நான் கண்டதில்லை.

நம் உயர்மறைமாவட்டத்துக்கு நூலும் பள்ளியும் புதியவையல்ல. 1832இல் புதுச்சேரி வந்து சேர்ந்த லூயி சவினியன் துப்புயி அடிகளார் 1840இல் மறைப்பணி அச்சகத்தை நிறுவினார். தமிழ் நூல்கள் அங்கே அடுக்கடுக்காக அச்சேறின. 1844இல் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதற்கென்றே ஒரு கன்னியர் சபையைத் தோற்றுவித்தார். பெண் படித்தால் குடும்பம் கெடும் என்று நம் முன்னோர்களே முணுமுணுத்த காலம் அது. அந்நாளில் பெண்பிள்ளையை வகுப்புக்கு அனுப்புமாறு வீட்டாரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. இன்று வீட்டார் கெஞ்சுகிறார்கள். இதற்கும் முன்னே போனால், 1578இல் கொல்லத்தில் ஹென்றிக்கஸ் அடிகளார் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் என்ற பதினாறு பக்கச் சிறுநூல் இருக்கிறது. இந்திய மொழி ஒன்றில் அம்மொழியின் எழுத்திலேயே அச்சான முதல் நூல். அந்த அச்சுப் பணிக்கு முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள் என்பது வரலாறு. தமிழ் அச்சு நூலின் பிறப்பே மக்கள் சேர்ந்து செய்த பொதுச்செலவில்தான் நடந்தது. நூலின் விலையை ஒவ்வொரு வீடும் தனித்தனியே சுமக்க வேண்டும் என்ற நியதி பின்னால் வந்தது.

உலகில் எங்கும் இப்படித்தானா என்றால், இல்லை. இலங்கையில் 1980 முதல் பள்ளிப் பாடநூல்கள் விலையின்றி வழங்கப்படுகின்றன. பிரான்சைப் பற்றி நம் பகுதியில் விளக்கத் தேவையில்லை. புதுச்சேரியை ஒட்டிய ஊர்களில் பாரிசில் உறவினர் இல்லாத கத்தோலிக்கக் குடும்பம் அரிது. அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: அங்கே நடுநிலைப் பள்ளி வரை பாடநூல் பிள்ளையின் உடைமையன்று, பள்ளியின் உடைமை. செப்டம்பரில் வாங்கி, அட்டை போட்டு, ஜூலை தொடங்குமுன் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆண்டு அதே நூல் வேறொரு பிள்ளையின் பையில் இருக்கும். கிழித்தவர் ஈடு கட்டுகிறார். நம்மைவிடப் பலமடங்கு வருமானமுள்ள நாட்டில் ஒரே நூலைப் பல பிள்ளைகள் படிக்கிறார்கள். நாம் ஆண்டுதோறும் புதிதாக வாங்கி, ஏப்ரலில் எடைக்குப் போடுகிறோம்.

நம்மிடமும் இந்த வழக்கம் இருந்தது. ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே மேல்வகுப்பு அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்று, அரை விலைக்குப் பேரம் பேசி நூல் வாங்கிய தலைமுறை இன்னும் உயிரோடிருக்கிறது. ஓரம் மடங்கியிருந்தால் கால் விலை. உட்பக்கத்தில் மூன்று பேர் பெயர் எழுதி அடிக்கப்பட்டிருக்கும். நான்காவதாக நம் பெயர். முன்னவர் கோடிட்ட வரிகளே முக்கியமான வரிகள் என்று நம்பிப் படித்துத் தேறியவர்கள் இன்று மாவட்ட அலுவலகங்களில் அதிகாரிகளாக இருக்கிறார்கள். அந்த வழக்கத்தைக் கொன்றவை இரண்டு. ஒன்று, நூலுக்குள்ளேயே விடை எழுதும் கோடிட்ட இடங்கள். தனியார் பதிப்பகங்களின் கையெழுத்து, இலக்கண, பொது அறிவு நூல்கள் பெரும்பாலும் இத்தகையவை. ஒருமுறை எழுதினால் முடிந்தது, தம்பிக்கு உதவாது. அடுத்த ஆண்டும் விற்றாக வேண்டும் என்பதற்காகவே நூல் அப்படி அமைக்கப்படுகிறது என்று எண்ணுவதற்கு இடமிருக்கிறது.

இரண்டாவது, நாம். பொதுநிலையினராகிய நாம். பழைய நூல் என்றால் நமக்கு இழிவாகிவிட்டது. “அடுத்த வீட்டுப் பிள்ளை புதுசு கொண்டுபோகிறான், என் பிள்ளை மட்டும் பழசா?” என்று கேட்கிறோம். நிருவாகத்தைக் குறை சொல்லும் அதே வாயால் முத்திரை போட்ட குறிப்பேட்டைப் பெருமையாகப் பேசுகிறோம். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்குப் போவதில்லை. போனாலும் அருட்சகோதரி முன் பேசத் தயங்குகிறோம். பங்குப் பேரவைகளில் கொடிமரத்துக்கு வண்ணம் பூசுவது பற்றி இரவு பதினொரு மணிவரை வாதாடும் நாம், நம் பங்கு எல்லைக்குள் இயங்கும் பள்ளியின் நூற்பட்டியலை ஒருநாளாவது கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறோமா? திருவிழாவின் கடைசி நாள் இரவில் வாணவேடிக்கைக்கு எவ்வளவு ஆகிறது என்பது ஒவ்வொரு பங்கிலும் கணக்கு வாசிக்கும்போது தெரியும். ஒரு வகுப்புக்குரிய அரசு நூல்களை நாற்பது தொகுதி வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று மேலே சொன்ன விலையை வைத்து எவரும் பெருக்கிப் பார்க்கலாம். பத்தாம் வகுப்புக்கே நாற்பத்தையாயிரத்தை ஒட்டித்தான் வருகிறது. வாணம் நிமிடக் கணக்கில் எரிகிறது; நூல் மூன்றாண்டு தாங்கும்.

பொதுமக்கள் சேர்ந்து பள்ளியின் குறை தீர்த்த முன்மாதிரி நம் மாநிலத்திலேயே உண்டு. காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ.து. சுந்தரவடிவேலு, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை 1958இல் கடம்பத்தூரில் தொடங்கினார். ஊரார் மேசையும் நாற்காலியும் மணியும் நூலும் ஊர்வலமாகக் கொண்டுவந்து பள்ளிக்குக் கொடுத்தார்கள். ஏழைகள் நிறைந்த ஊர்கள்தாம் அவை. திண்டிவனத்திலேயே ரோசனையில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் தோழர்களும் நடத்திவரும் தாய்த்தமிழ்ப் பள்ளியை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக, நல்லெண்ணம் கொண்டோரின் நன்கொடையில் நடக்கும் பள்ளி. செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாகக் கிடந்த இருளர் குடும்பங்களுக்காக அவர் ஆற்றிய பணியை ஊரறியும். அவர் செபமாலை ஏந்தியவரல்லர். நமக்கு நிலமும் கட்டடமும் நூற்றாண்டு நற்பெயரும் இருந்தும், சூளையிலிருந்து வரும் பிள்ளைக்கு நம் வாயில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள அவர் பணி ஒரு காரணமாகட்டும்.

நூல் பள்ளியின் உடைமையாக இருந்தால் என்ன நன்மை என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று போதும். 2024 டிசம்பர் முதல் நாள் ஃபெஞ்சல் புயல் மழையில் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. பதிவாயிற்று. திண்டிவனமும் விழுப்புரமும் தண்ணீரில் நின்றன, தென்பெண்ணை கரைகடந்தது. அரிசியும் ஆடையும் வந்து சேர்ந்தன. நம் பங்குகளும் மனமுவந்து கொடுத்தன, அதை மறக்கவில்லை. ஆனால் அரையாண்டுத் தேர்வு வாசலில் நின்ற பிள்ளைகளின் நூல்கள் சேற்றில் ஊறிக் கிடந்தன. ஜூனில் அடகு வைத்து வாங்கிய கட்டு அது. அடகு இன்னும் மீளவில்லை. விலையில்லா நூல் பெறும் பிள்ளைக்கு மறுபடி கேட்பதற்கு ஓர் அரசு உண்டு. விலை கொடுத்து வாங்கிய பிள்ளை யாரைக் கேட்கும்? பள்ளி அலமாரியில் ஐம்பது தொகுதிகள் இருந்திருந்தால் மறுநாளே எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. சுயநிதிப் பள்ளிகளில் அரசு பாடநூல்களை அச்சிட்ட விலைக்கே, தனிச்சீட்டுடன் கொடுக்கட்டும். பாடநூல் நிறுவனம் தன் நூல்களை இணையத்தில் எவரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது என்பதையும் பெற்றோருக்குச் சொல்லட்டும். தனியார் நூல்கள் எவையும் கட்டாயமாக வேண்டா. ஆசிரியை ஒருவர் தமக்கு ஒரு பிரதி வாங்கி வைத்துக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் இலக்கணம் வராமற் போய்விடாது. கையெழுத்துக்கு நான்கு கோடு ஏடு எந்தக் கடையிலும் கிடைக்கும். முத்திரைக் குறிப்பேட்டை விட்டுவிடலாம். நன்னெறி நூலைப் பள்ளியே வாங்கி வகுப்பில் வைக்கட்டும். அல்லது அந்த நேரத்தில் ஆசிரியை கதை சொல்லட்டும்.

மற்றது நம் பங்கு. ஆண்டுத் தேர்வு ஏப்ரலில் முடிகிறது. மே மாதத்தில் பங்கு மன்றம் மறைக்கல்வி வகுப்புகளுக்கென்று எப்படியும் திறந்திருக்கும். அன்பியம் தோறும் வீடு வீடாகச் சென்று முடிந்த வகுப்பின் நூல்களை வாங்கி வர இளைஞர் இயக்கத்தால் முடியும். கிழிந்ததை ஒட்டி, முதுகு தைத்து, அட்டை போட வின்சென்ட் தே பவுல் சங்கத்து முதியவர்களுக்கு ஒரு வாரம் போதும். அவர்களில் புத்தகம் கட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குறையும் தொகுதிகளைத் திருவிழாப் பணத்தில் வாங்கலாம். நூலைக் கொடுக்கும்போது யார் ஏழை என்று கேட்க வேண்டா. மருத்துவர் மகனுக்கும் மேஸ்திரி மகளுக்கும் அதே அலமாரியிலிருந்து, அதே கையெழுத்தை வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். இதை விட்டுக்கொடுத்தால் மறுபடி விண்ணப்பமும் கடிதமும் வந்துவிடும். கத்தோலிக்கப் பிள்ளை, இந்துப் பிள்ளை என்ற கேள்வியும் எழக் கூடாது. நம் பள்ளிகளில் படிப்போரில் பெரும்பாலோர் நம் சமயத்தவர் அல்லர் என்பது யாவரும் அறிந்ததே.

இதற்கெல்லாம் காலம் பிடிக்கலாம். ஆனால் முதற்படிக்கு ஆயரின் சுற்றறிக்கையோ, அரசாணையோ, நன்கொடையோ தேவையில்லை. அடுத்த கல்வியாண்டுக்கான நூற்பட்டியல், நூலின் பெயர், பதிப்பகம், விலை, கட்டாயமா இல்லையா என்ற நான்கு பத்திகளுடன் மார்ச் மாத முதல் ஞாயிறன்று ஆலய அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். திருமண அறிவிப்புகளுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசை வேண்டும்.